ஏரோது ராஜாவுக்கு வந்த வியாதி

ஈசாக் இரண்டாம் முறையாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார். டாக்டர் ஜினி அடுத்து எந்தச் சோதனையைக் கேட்பது என்று யோசித்தாள்.

எல்லாம் பாவனைதான். லேப் டாக்டர் படிப்பில் 1996-இல் வந்த புதுப் பரீட்சை. சபை நாடகக் குழுவிலிருந்து ஒருவர் நோயாளியாக வந்து நடிப்பார். ஜினி விசாரித்து, வேண்டிய சோதனைகளைக் கேட்க வேண்டும். மறைப்புத் துணிக்குப் பின்னாலிருந்து ராஜதாஸ் சார், எழுதி வைத்த முடிவைச் சீட்டில் நீட்டுவார். வியாதியைக் கண்டுபிடிக்காவிட்டால் இன்னும் ஆறு மாதம் படிப்பு நீளும். ஜினி ஏற்கெனவே ஒருமுறை தோற்றவள்.

ஈசாக் நுழைந்ததுமே அவளுக்குத் தைரியம் வந்திருந்தது. பாறசாலைக்காரி அவள், கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் சபை நாடகத்தில் அவர் ஏரோது ராஜாவாக உறுமுவதைப் பார்த்து வளர்ந்தவள். கூட வந்த அவர் மனைவி சுகிர்தபாய் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இருமினா ரத்தமாக்கும் மக்கா," என்றார் ஈசாக்.

சளிச் சோதனை கேட்டாள். கிருமி இல்லை என்று சீட்டு வந்தது. ராஜாவுக்கு அது அவமானம். வலியை வயிற்றுக்கு இறக்கினார். மலத்தில் புழு இல்லை. குளிர்காய்ச்சல் என்று நடுங்கினார்; மேசையும் சேர்ந்து நடுங்கியது. மலேரியாவும் இல்லை.

இதற்கிடையில் சுகிர்தபாய் கூஜாத் தண்ணீரைக் குடிப்பதும், கொல்லைப்பக்கம் போவதும் வருவதுமாக இருந்தாள். ஜினிக்கு எரிச்சல் வந்தது.

"மாமி, கொஞ்சம் வெளிய இருப்பியளா?"

"தாகம் தாங்கல்ல மக்கா," என்றாள் சுகிர்தபாய், நகராமல்.

"சும்ம இருட்டி," என்று ஈசாக் செத்துக்கொண்டே அதட்டினார்.

இருதயத்துக்கான ரத்தச் சோதனையிலும் ஒன்றும் இல்லை. வேறு வழி தெரியாமல் ஜினி எழுதினாள்: 'நோய் இல்லை. ஆள் நடிக்கிறார்.'

ராஜதாஸ் சார் துணியை விலக்கி வந்து வாசித்தார். "வியாதி சர்க்கரையாக்கும். நீ சர்க்கரைச் சோதனை கேக்கவே இல்லியே?"

சர்க்கரைக்கான அறிகுறி ஒன்றுகூட அவர் சொல்லவில்லை என்றாள் ஜினி. சார் ஈசாக்கின் பக்கம் திரும்பினார். "குழுவுக்கு எழுதி அனுப்பினத வாசிச்சிட்டுதானே வந்தீரு?"

ஈசாக் சட்டென்று குணமாகி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

சுகிர்தபாய் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் நல்லா வாசிச்சிட்டுதான் வந்தேன் சாரே. நடிக்கச் சொன்னது என்னையாக்கும். இவரு துணைக்கு வந்தாரு."