ஓவனுக்குள் மூன்று போன்கள்

வீட்டில் சட்டம் போடுகிற ஆணுக்குக் குசினிச் சமையல் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் வத்தேகமவில் சொந்தக்காரர் மத்தியில் என் பெயர் இப்படிக் கெட்டுக் கிடக்கிறது.

மகள் தர்ஷினிக்கு அப்போது பதினான்கு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவளும் போனும்தான். சோறு போடவா என்றாலும் "ம்", போதுமா என்றாலும் "ம்". சின்ன வயதில் கண்டி பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்து, டவுன் வரும்வரை வாய் மூடாமல் பேசிய பிள்ளை. (கண்டக்டரே திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.) அந்தப் பேச்சு இல்லாமல் எனக்கு வீடு வீடாகவே இல்லை.

ஆகவே சட்டம் போட்டேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிறகு வீட்டில் யாருக்கும் போன் கிடையாது. எனக்கும் மனைவி சாந்திக்கும்கூட. மூன்றையும் நானே ஒளித்து வைப்பேன். அலுமாரியில் வைத்தேன், கண்டுபிடித்தாள். அரிசி வாளிக்குள் புதைத்தேன், அதையும் கிளறிவிட்டாள். கடைசியில் ஓவன். எங்கள் வீட்டில் அது பழைய தாச்சி, சட்டிகளை அடுக்குகிற பெட்டி. (சாந்தியின் அண்ணன் தந்த கல்யாணப் பரிசு. அவருக்கு இந்த விஷயம் தெரியாது.) போன்களை அடித்தட்டுக்கும் கீழே செருகி வைத்தேன். அந்த வாரம் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு விளக்கு வைத்த பிறகு, தர்ஷினி தானாகவே குசினிக்குள் போனாள். முட்டை அடிக்கிற சத்தம் கேட்டது.

"பாத்தியா? போனைப் புடுங்குனதும் புள்ள சமைக்கப் போயிருச்சு" என்று சாந்தியிடம் பீற்றிக்கொண்டேன்.

"கொஞ்சம் பேசாம இருங்க. என்னமோ தீயுற வாடை வருது."

"கேக் வாடையா இருக்கும்."

"கேக்கா? டயர் வாடைல்ல வருது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விழுந்தடித்து ஓடினேன்.

குசினி முழுக்கப் புகை. பக்கத்து வீட்டு அக்கா, மாவை வைப்பதற்கு முன் ஓவனைச் சூடாக்கச் சொல்லியிருக்கிறார். தாச்சிகளை வெளியே எடுத்தவள், அடித்தட்டுக்குக் கீழே பார்க்கவில்லை. பிளக்கைப் பிடுங்கி, பழைய துணியால் இழுத்து வெளியே எடுத்தேன். மூன்றும் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. எங்கள் குடும்பத்தில் அவ்வளவு ஒற்றுமையை நான் பார்த்ததே இல்லை.

"இதுக்குள்ள ஏன்ப்பா வச்சீங்க?" என்று தேம்பினாள்.

"போனா போகுதும்மா. வேற போன் வாங்கலாம்."

"போனுக்கு யாரு அழுவுறா? நாளைக்கு உங்க பொறந்தநாள்ப்பா. கேக் போச்சு!"

எனக்கே அது ஞாபகமில்லை. வருடா வருடம் போன்தான் சொல்லும். பிள்ளை மனதில் வைத்திருந்தாளே என்று நினைத்ததும் நானும் அழுதுவிட்டேன். சாந்தி இரண்டு பேரையும் ஒதுக்கிவிட்டு, மாவை இட்லிச் சட்டியில் ஊற்றினாள். இட்லியிலும் சேராத, கேக்கிலும் சேராத ஒன்று வந்தது. மூவரும் குசினித் தரையிலேயே உட்கார்ந்து தின்றோம். தர்ஷினி வகுப்புக் கதை, டீச்சர் கதை, சிநேகிதி சண்டை என்று பேசித் தீர்த்தாள். அன்றைக்கு "ம்" கொட்டியது நான்தான்.

இப்போதும் என் போன் வேலை செய்யாவிட்டால், சொந்தக்காரர்கள் "என்ன மாமா, வெந்திருச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். தர்ஷினி மட்டக்களப்பில் தங்கிப் படிக்கிறாள். நான் சாப்பிடும்போதும் போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருக்கிறேன்.

"சட்டம் போட்ட பெரிய மனுசரே, அதைக் கொண்டாங்க. ஓவன்ல வைக்கிறேன்" என்கிறாள் சாந்தி.

கொடுக்க மாட்டேன். பிள்ளையிடமிருந்து இன்னும் கோல் வரவில்லை.