வில்லங்கம் போட்டுப் பார்த்தவர்

எனக்கு எழுத வராது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். பெயர்கள் மறந்துபோகின்றன, முன்னால் நடந்தது பின்னால் வந்துவிடுகிறது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் கோபம் மறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போடிநாயக்கனூரில் அந்த ஆளைப் போல வாய்த்துடுக்குப் பிடித்த மனிதர் இதுவரை பிறந்ததில்லை. இனி ஒருவர் பிறந்தால் நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்ப மலைக்கே ஏறிவிடுவேன். அவருக்குப் பெயர் வில்லங்கம். தாய் தகப்பன் வைத்த பெயர் வேறு இருக்கும். அது யாருக்குத் தெரியும்? டீக்கடையில் வில்லங்கம், ஜீப் ஸ்டாண்டில் வில்லங்கம். பெண்கள் நாங்கள் மட்டும் மரியாதையாக 'வில்லங்கத்து அண்ணே' என்போம்.

எங்களைப் போல அவரும் மலையில் வேலை பார்த்தவர். ஏலக்காய் ஸ்டோரில், காயை உலர்த்தும் சூளைப் பக்கமே ஆயுசு முழுக்க நின்றவர். அந்தப் புகையில் இரண்டு கண்ணும் சிவந்து அப்படியே நின்றுவிட்டன. 'சாப்பிட்டியா ஆத்தா' என்று கேட்டாலும் அடிக்க வருகிற மாதிரி இருக்கும். கண்ணுக்கு ஏற்ற வாய் வேறு.

மலையில் ரிட்டையர் ஆனால் என்ன நடக்கும் என்று கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. கழுத்தில் ஒரு மாலை, கையில் ஒரு கடிகாரம், அப்புறம் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ணு என்று ஒரு சொல். ஆயுசெல்லாம் கிடந்த வீடு நம் வீடு இல்லை என்று அன்றைக்குத்தான் உறைக்கும். எங்கள் வீட்டுக்காரருக்கு மூச்சிரைப்பு. 'இந்தக் குளிரும் மஞ்சும் இனி ஆகாது, வெயில் உள்ள ஊராப் பார்த்துப் போங்க' என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களுக்குத் தெரிந்த வெயில் போடி வெயில்தான்.

வேலை பார்த்தது கேரளா, ரேஷன் கார்டு கேரளா. மலை மெட்டைத் தாண்டி இறங்கினால் தமிழ்நாடு. அங்கே 'பெயரை வெட்டிக்கொள்' என்பார்கள். வெட்டிக்கொண்டு இங்கே வந்தால் 'வீட்டு விலாசம் எங்கே' என்பார்கள். இரண்டு அரசாங்கத்துக்கும் நடுவில் அரிசி இல்லாமல் நிற்பது நாம்தான். அதனால் சீக்கிரம் ஒரு வீடு வேண்டும். கையில் இருந்ததோ இரண்டு பேருடைய கிராஜுவிட்டியும் பி.எஃப்பும் மட்டும். அது போனால் இன்னொரு முறை சம்பாதிக்க உடம்பில் வலு இல்லை.

இது வீட்டு புரோக்கர்களுக்கு நன்றாகத் தெரியும். மலையிலிருந்து ஜீப் இறங்கும்போதே அவர்களுக்கு மூக்கு வேர்த்துவிடும். ஏலக்காய் வாசத்துக்கு இல்லை, கிராஜுவிட்டி வாசத்துக்கு. ஒருத்தன் பையை வாங்குவான், ஒருத்தன் டீ வாங்கித் தருவான். 'அக்கா, அக்கா' என்று கூடப் பிறந்தவன்கூட அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டான். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர்களுக்கு நடுவில் இந்த மனிதரும் நிற்பார். கமிஷன் கிடையாது. ஒரு டீ, ஒரு வடை. வடை ஆறியிருந்தால் அதற்கும் வசவு.

வில்லங்கம் என்ற பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அவர் ரிட்டையராகி இறங்கியதும் தனக்கு ஒரு வீடு பேசி, பத்திரம் எழுதுகிறவரிடம் போயிருக்கிறார். பத்திரக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாராம்: "என்ன பெரியவரே, வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சா?"

வில்லங்கம் போட்டுப் பார்ப்பது என்றால், அந்த வீட்டின் மேல் கடன், அடமானம் ஏதும் பதிவாகி இருக்கிறதா என்று ரிஜிஸ்தர் ஆபீசில் எழுதிக் கேட்பது. கீழே உள்ளவர்களுக்கு அது தெரியும். மலையில் எங்களுக்குத் தெரிந்த வில்லங்கம் ஒன்றே ஒன்றுதான், வம்பு.

"இன்னும் போடல சார். இந்தா, வெரசாப் போயிப் போட்டுட்டு வர்றேன்" என்று எழுந்து போயிருக்கிறார்.

நேராக அந்த வீட்டு வாசலுக்குப் போய், எதிர்வீட்டுக்காரரை வெளியே கூப்பிட்டு, "யோவ், ஒன் வேப்பமரத்து நெழலு ஏன் என் வீட்டு மேல விழ மாட்டேங்குது? ஒரம் போட்டு வளக்கத் தெரியாதா ஒனக்கு?" என்று ஆரம்பித்தாராம்.

எதிர்வீட்டுக்காரர் விடுவாரா? "ஒன் வீடா? அண்ணன் தம்பி மூணு பேரும் அந்த வீட்டுக்குக் கோர்ட்டுல நிக்கிறாங்க. அதுல ஒருத்தன் ஒங்கிட்ட வித்துட்டு ஓடப் பாக்குறான். இந்த லட்சணத்துல ஒனக்கு நெழலு வேற கேக்குதோ!"

நம் ஆள் திரும்பப் போய் உட்கார்ந்து, "போட்டுப் பாத்துட்டேன் சார். நல்லா வந்துச்சு" என்றாராம். பத்திரக்காரர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கீழே விழுந்து அதன் கால் உடைந்தது என்பார்கள். ஆபீசில் பணம் கட்டி வாங்குகிற காகிதம் அது என்று பிறகு விளங்கச் சொல்லியிருக்கிறார். இவர் மசியவில்லை. "காயிதத்துல எழுதுனது மட்டுந்தான வரும்? சண்டையில எழுதாததும் வரும். ரெண்டும் போட்டுப் பாரு" என்றார். அதிலிருந்து மலையிறங்கி வருகிற எவருக்கு வீடு பார்த்தாலும் முதலில் அந்தத் தெருவில் ஒரு சண்டை. சாக்கடை ஏன் வளைந்து போகிறது, சேவல் ஏன் மேற்கே பார்த்துக் கூவுகிறது, எது கிடைத்தாலும் அவருக்குப் போதும்.

சண்டை மட்டும் இல்லை. ஒரு டிரைவருக்கு வீடு பார்க்கப் போனபோது, சித்திரை வெயிலில், உச்சிப்பொழுதில், மலையில் போடுகிற கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஜன்னலையெல்லாம் அடைத்து உள்ளே உட்கார்ந்துகொண்டார். 'காலையில குளுகுளுன்னு இருக்கிறப்போ கூட்டிட்டு வந்து காட்டுவானுங்க. வீடு அவியிற நேரத்துல பாக்கணும்' என்பது அவர் கொள்கை. வெளியே வந்து மயங்கிச் சாய்ந்தபோது ஆளே இட்லி மாதிரி வெந்திருந்தார். வீட்டுக்கார அம்மா பயந்துபோய் ஒரு செம்புத் தண்ணீரை முகத்தில் அடித்தார். கண்ணைத் திறந்தவர் உதட்டை நக்கிப் பார்த்துவிட்டு, "தண்ணி உப்பு. மாப்ளே, இந்த வீடு வேணாம்" என்று நடையைக் கட்டினார்.

இப்படிப்பட்ட ஆள்தான் எங்களுக்கும் வாய்த்தார்.

ஒரு புரோக்கர் தம்பி காட்டிய வீடு எனக்குப் பிடித்துப்போனது. இரண்டு அறை, நல்ல காற்று, தெருவிலிருந்து வீட்டுக்குப் போக நீளமாக ஒரு நடை. பக்கத்து வீட்டில் ஒரு பெண். பார்த்த உடனே மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இது போதாதா? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள் என்று வில்லங்கத்தைக் கையெடுத்துக் கும்பிட்டேன். கேட்டால்தானே!

"ஏம்மா, ஒங்க கோழி ஏன் இப்பிடி மெலிஞ்சு கெடக்கு? கோழியப் பட்டினி போடுற ஆளுக பக்கத்துல எங்க தங்கச்சி எப்பிடிக் குடியிருக்கும்?" என்றார்.

அந்தப் பெண் சிரித்தாள். "ஆமாண்ணே, தீவனம் மாத்தணும்."

"கோலம் கோணலா இருக்கு."

"கை பழகலைண்ணே."

"மோரு புளிப்பு."

"நாளைக்கு வாங்க, நல்ல மோரு தர்றேன்."

வில்லங்கத்துக்கு வேர்த்துவிட்டது. அவர் வாழ்க்கையில் அப்படித் தோற்றதில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, "ஆத்தா, இந்த வீடு வேணாம். இவ்வளவு பேசியும் கோவப்படல பாத்தியா? இங்க என்னமோ இருக்கு" என்றார்.

புரோக்கர் ஒரு பக்கம், "அக்கா, மதுரைக்காரங்க நாளைக்கு வர்றாங்க. இன்னைக்கே அட்வான்ஸ் போட்டாத்தான் ஒங்களுக்கு" என்று நெருக்கினான். எங்கள் வீட்டுக்காரர் வழக்கம்போல எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் பைக்குள் கையை விட்டேன்.

அப்போது அந்த மனிதர் நடுத்தெருவில் நின்று கத்தினார் பாருங்கள். "குடு, குடு! ரெண்டு பேரு கிராஜுட்டியவும் கொண்டுபோயி கொட்டகுடி ஆத்துல விடு! மலங்காட்டுக் கழுதைக்குப் புத்தி எங்கேருந்து வரும்!"

தெருவே வெளியே வந்து பார்த்தது. நான் பிறந்ததிலிருந்து யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. சூப்பர்வைசர் திட்டினாலும் குனிந்து காய்தான் எடுத்திருக்கிறேன். அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. லயத்தைக் காலி பண்ணச் சொன்ன கோபம், ரேஷன் ஆபீசில் அலைந்த கோபம் எல்லாம் ஒரே வாயில் வந்தது.

"யாரைய்யா கழுதைங்குறீங்க? அட்டைக்கடி வாங்கிச் சம்பாரிச்ச காசு எங்க காசு! இது என் வீடு, நான் வாங்கத்தான் போறேன்! இந்த நடையில பூச்செடி வைப்பேன், மொளகா காயப்போடுவேன், எங்க வீட்டுக்காரரு காத்து வாங்க இந்த நடையிலதான் கட்டிலு போடுவேன்! ஒங்க சோலியப் பாத்துட்டுப் போங்க!"

எனக்கு மூச்சு வாங்கியது. அப்போதுதான் மோர் கொடுத்த பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பைக் காணோம்.

"என்னது, கட்டிலா?" என்றாள். "எந்த நடையில? அக்கா, இது எங்க மாமனார் எடம். பழைய ஆளுகளப் பாவம்னு நடக்க விட்டிருந்தோம். நீங்க கட்டிலு போடுறதுக்கா? தைக்கு அப்புறம் இந்த எடத்துல நாங்க செவுரு வைக்கப் போறோம். வீட்ட விக்கிறவருக்கும் தெரியும், இந்தத் தம்பிக்கும் தெரியும்."

பைக்குள் விட்ட கையை வெறுங்கையாக வெளியே எடுத்தேன். சுவர் வைத்தால் எங்கள் வீட்டுக்கு நாங்கள் பறந்துதான் போக வேண்டும். பதிவு ஆபீசில் எத்தனை காகிதம் எழுதிக் கேட்டாலும் அது வந்திருக்காது. இந்த வீட்டு மேல் கடனும் இல்லை, அடமானமும் இல்லை. வழிதான் இல்லை.

"அதெல்லாம் பேசித் தீத்துக்கலாம்க்கா" என்று புரோக்கர் இழுத்தான்.

"நீ பேசித் தீத்துட்டு அப்புறமா வில்லுடா அப்பு" என்றார் வில்லங்கம். பிறகு என்னைப் பார்த்து அந்தச் சிவந்த கண்ணை உருட்டி, "ஒனக்கு இம்புட்டுச் சத்தம் வருமா ஆத்தா? ஸ்டோருல மோட்டாரு ஓடுறப்பக்கூடக் கேக்கும் போலருக்கே!" என்றார்.

என்னைக் கிளப்பிவிடத்தான் அப்படித் திட்டினாரா என்று பிறகு கேட்டேன். "சே சே, நெசமாவே திட்டுனேன்" என்றார். இப்படிச் சொல்கிற ஆளை என்ன செய்வது?

கடைசியில் நாங்கள் வாங்கிய வீடு சின்னது. அந்தச் சந்தில் அவர் வாயைத் திறந்ததுதான் தாமதம், பக்கத்து வீட்டு ஆத்தா துடைப்பத்தோடு வந்துவிட்டார். "ஐப்பசி மழைக்கு அந்த அடுப்படி ஒழுகும்டா, மூணாவது படி ஆடும்டா, குழாயில ஒருநாள் விட்டு ஒருநாள்தான்டா தண்ணி! இத வாங்க வந்துட்டு என்னையக் கொற சொல்றியா?" வில்லங்கத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இதுதான் வீடு. எல்லாக் கொறையவும் இந்த ஆத்தாளே சொல்லிருச்சு, வெலையக் கொறைச்சுக் கேளு" என்றார். பிறகு காகித வில்லங்கமும் போட்டுப் பார்த்தோம். வீட்டுக்கென்று கையில் உள்ளதையெல்லாம் கொட்டக் கூடாது, கொஞ்சம் போஸ்ட் ஆபீசில் கிடக்கட்டும், ஆஸ்பத்திரிக்கு என்று அதற்கும் ஒரு சண்டை போட்டார். பத்திரத்தில் என் பெயரும் சேர வேண்டும் என்று வில்லங்கம் சொன்னதற்கு எங்கள் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவரிடம் மட்டும் சண்டை எடுபடாது. இப்போது அவருக்கு மூச்சிரைப்பு எவ்வளவோ தேவலை.

என் கோபம் இனிமேல்தான் இருக்கிறது. ஊருக்கெல்லாம் வீடு பார்த்த இந்த மனிதருக்குப் போடியில் வீடு கிடையாது. வாங்கப் போனாலும் வாடகைக்குக் கேட்டாலும், "நீதான அன்னைக்கு என் சேவலத் திட்டுனவன்?" என்று கதவைச் சாத்துகிறார்கள். ஒரு தெரு பாக்கி இல்லை. எங்களுக்காகச் சேர்த்த பகைதான் அத்தனையும். இப்போது சிலமலை போகிற வழியில், ஒரு தோட்டத்து மோட்டார் ரூமில் கிடக்கிறார். மேலே தகரம். சித்திரையில் அது அவியாதா? எந்த வாயால் எங்களுக்குப் புத்தி சொன்னார்?

"எங்க முன் ரூமு சும்மாதான கெடக்கு, வந்து இருங்கண்ணே" என்று நான் கேட்டேன். எங்கள் வீட்டுக்காரரும் கேட்டார். துடைப்பத்து ஆத்தாகூட, "வரச்சொல்லு, எனக்கும் பொழுது போகணும்ல" என்றார். வரவில்லை.

"நான் வந்தா இந்தச் சந்துல ஒனக்கு ஒருத்தரும் வாய்தெறந்து பேச மாட்டாக. புது ஊருல நீ பொழைக்கணும். போ ஆத்தா, போயி சோலியப் பாரு" என்று கதவை என் முகத்தில் சாத்தினார். நான் கொண்டுபோன சோற்றுப் போசியோடு வாசலிலேயே நின்றேன். இந்தத் திமிர் பிடித்த மனிதரை யார்தான் பொறுத்துக்கொள்வது?

எழுதியதில் தப்பு நிறைய இருக்கும். எதிர்வீட்டில் நின்றது வேப்பமரமா புங்கமரமா, கோர்ட்டுக்குப் போனது மூன்று பேரா இரண்டு பேரா, எனக்கு உறுதி இல்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது அவரிடமே கேட்டுச் சரி பார்த்துவிடுங்கள். சண்டைக்கு வருவார், வந்தால் நல்லதுதான், உடம்பு தேவலையாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே சாப்பிட்டாரா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கச் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.