முதலியார் சுருட்டும் மாமாவின் இஞ்சி சோடாவும்

வேலை கேட்டுப் போகிற இடத்தில் "தெரியாது" என்பவனுக்கு வேலை கிடைப்பதில்லை. "தெரியும்" என்பவனுக்குக் கிடைக்கிறது. பிறகு வட்டியும் முதலுமாக அனுபவிக்கிறான். ஐம்பதுகளில் செங்கல்பட்டில் சுருட்டு வியாபாரம் செய்த முதலியாரிடம், "பற்ற வைத்ததுமே சுருட்டின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவேன்" என்று சொல்லி வேலையில் சேர்ந்தவன் நான். (அதுவரை நான் பிடித்தது ஒன்றரை பீடி. அந்த அரையிலேயே இருமல் வந்துவிட்டது.)

காதர் மாமாவிடமோ, புகையிலை வாசனையே எனக்கு ஆகாது என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் என் அம்மாவின் தம்பி, சோடா கம்பெனி முதலாளி. அவர் மகள் ஆயிஷாவைக் கட்டிக்கொள்வதைத் தவிர வாழ்க்கையில் வேறு லட்சியம் எதுவும் எனக்கு அப்போது இல்லை. மாமா மட்டும் "பாக்கலாம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மதுவிலக்கு வந்தபின் முதலியாரின் காரமான சுருட்டு விற்காமல் படுத்துவிட்டது. முன்பு பிராந்தியோடு பிடித்தவர்கள், இப்போது வெறும் வாயில் பிடித்துவிட்டுத் தலை சுற்றுகிறது என்று திட்டினார்கள். அதற்குப் பொருத்தமான பானம் ஒன்றைக் கண்டுபிடித்து, மகாபலிபுரம் வருகிற வெளியூர்க்காரர்களிடம் இரண்டையும் சேர்த்து விற்பது என்று முதலியார் ஒரு சோடாக்காரரோடு பேசி முடித்தார். அந்தச் சோடாக்காரர் யார் என்று என்னிடமும், ருசி பார்க்கப்போவது யார் என்று அவரிடமும் சொல்லவில்லை.

ருசி பார்க்கிற நாளன்று மகாபலிபுரம் கடற்கரைப் பாறையடியில் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் மாமா. முதலியார் கட்டைவிரல் பருமனில் ஒரு சுருட்டை என் கையில் கொடுத்தபோது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாடா இது? வாசனையே ஆவாதுன்னே?"

"தொழிலுக்காவ, மாமா."

"தொழிலுன்னா சரி. ஆனா என் எதிர்க்க புடிக்காத. மரியாதன்னு ஒண்ணு கீதுல்ல?"

எனவே பாறைக்குப் பின்னால் போய்ப் புகைப்பது, முன்னால் வந்து குடித்து அபிப்பிராயம் சொல்வது என்று ஏற்பாடாயிற்று. சுருட்டுப் புகையை வாயோடு விட்டுவிட வேண்டும் என்பது தெரியாமல், பீடியை இழுப்பதுபோல் நெஞ்சுக்குள் இழுத்தேன். பன்னீர் சோடா, மிளகாய் கருகிய அடுப்படியில் அத்தர் தெளித்த மாதிரி இருந்தது. "பரவால்ல" என்றேன். முதலியார் கூஜாவில் கொண்டுவந்த கருப்பட்டிக் காபி உண்மையிலேயே நன்றாகச் சேர்ந்தது. அந்த இனிப்பு சுருட்டின் காரத்தைத் தணித்தது. ஆனால் அது மாமாவின் சரக்கு இல்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் அபிப்பிராயத்தை விழுங்கிவிட்டேன்.

மூன்றாவதாக இஞ்சி சோடா. அதைக் குடித்ததும் கடல் இருந்த பக்கம் கரையும், கரை இருந்த பக்கம் கடலும் போயின. தள்ளாடி விழுந்து, என் நிபுணத்துவம் முழுவதையும் மணலில் கக்கினேன். அந்த நேரம் பார்த்தா ஒரு கான்ஸ்டபிள் வர வேண்டும்? அவர் என்னையும் பார்த்தார், பாட்டில்களையும் பார்த்தார்.

"சோடாவுல இன்னா கலந்துகீற? ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு நட."

மதுவிலக்குக் கேஸ் என்றால் மாமாவின் கம்பெனிக்குப் பூட்டுதான். ஜமாத்தில் தலைகாட்ட முடியாது. எனக்கு ஆயிஷாவும் இல்லை. முதலியார் (சொல்லவே வேண்டாம்) திடீரென்று கடலின் அழகில் மூழ்கிவிட்டார்.

"சார், இவன் குடிகாரன் இல்ல சார். சுருட்டு புடிக்கிறவன். அந்தப் பாறைக்குப் பின்னாடி புடிச்சிகினு இருந்தான்" என்றார் மாமா. இப்படியொரு நற்சான்றிதழை எனக்குத் தர வேண்டிவந்ததே என்று என்னை முறைத்தார். கான்ஸ்டபிள் நம்பவில்லை. மாமா ஒரு சோடாவை உடைத்து நீட்டினார்.

"நீயே குடிச்சிப் பாரு சார். இதுல ஒரு சொட்டு சாராயம் இருந்தா, எம் பொண்ண இவனுக்குக் குடுப்பேனா? வர்ற மாசம் கல்யாணம் சார்."

எனக்கு மயக்கம் சட்டென்று தெளிந்தது. மணலில் படுத்தபடியே, "சரி, மாமா" என்றேன்.

கான்ஸ்டபிள் இரண்டு பாட்டில் குடித்தார். ஒரு சுருட்டையும் பற்ற வைத்து, இஞ்சிதான் பொருத்தம் என்று தீர்ப்பளித்துவிட்டுப் போனார். அதன்பின் செங்கல்பட்டு வரும்போதெல்லாம் சோடா கம்பெனியில் எட்டிப் பார்த்து, "தேதி குறிச்சாச்சா?" என்று விசாரித்தார். மாமாவுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

இன்றும் வீட்டுக்கு வருகிற யாராவது என்னைக் கொஞ்சம் புகழ்ந்துவிட்டால் போதும், ஆயிஷா நிதானமாக ஆரம்பித்துவிடுவாள்: "எங்க அத்தா இவர நல்ல மாப்பிள்ளன்னு குடுக்கல. சோடா நல்ல சோடான்னு காட்டறதுக்குக் குடுத்தாரு."