மூன்றாம் அடுக்கில் ஒரு கூழைக்கடா

ஒரு காட்டில், ஏரிக்கு மேலே மூன்றாம் அடுக்கில், வலப்பக்கமாக வட்டமடித்துக்கொண்டிருந்தபோதுதான் அம்சவேணி என்ற கூழைக்கடாவை அவள் கணவன் தணிகாசலம் கடைசியாக உயிரோடு பார்த்தான். அவன் ஏரிக்கரைக் கூட்டில் குஞ்சுகளோடு இருந்தான். அவள் தொண்டைப் பை நிறைய மீனோடு இறங்கக் காத்திருந்தாள்.

முன்பெல்லாம் அந்த ஏரியில் யார் வேண்டுமானாலும் இறங்கலாம். ஒருமுறை இரண்டு தாராக்கள் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. அதன் பிறகு ஒழுங்கு வந்தது. இறங்குவதற்கும் கிளம்புவதற்கும் ஒரே ஒரு நீர்ப்பாதை. வருகிறவர்கள் ஒருவருக்கு மேல் ஒருவராக அடுக்கடுக்காக வட்டமடிக்க வேண்டும். கீழே இருப்பவர் இறங்கினால் மேலே இருப்பவர் ஓர் அடுக்கு கீழே வரலாம். அனுமதி இல்லாமல் இறங்கினால் கூடு பறிபோகும்.

இதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஓணானை நியமித்தார்கள். பறக்கத் தெரிந்தவர்களைப் போட்டால் தங்கள் இனத்துக்குச் சலுகை காட்டுவார்கள் என்பது காரணம். ஓணான் பட்டுப்போன பனையின் உச்சியில் உட்கார்ந்து ஓயாமல் தலையாட்டும். தலையாட்டுவது அனுமதி ஆகாது என்று தனியாக ஒரு சுற்றறிக்கை இருந்தது.

அன்று மேகமூட்டம். அனல் காற்று எழும்பவில்லை. இறக்கையை விரித்து மிதக்க முடியாது, அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நீர்ப்பாதையின் தொடக்கத்தில் ஒரு கழுகு மாலையும் கழுத்துமாக நின்றது. காத்திருப்போர் வசதிக்காக நான்காம் அடுக்கைத் திறந்துவைக்க வந்த கழுகு அது. திறந்துவைத்தாகிவிட்டது. காக்கா நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்தது. கழுகு கிளம்பும்வரை யாரும் இறங்கக் கூடாது.

"சார், மூணாம் நம்பர் பேசறேன்," என்றாள் அம்சவேணி ஓணானிடம். "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"கொஞ்சம் பொறுங்கம்மா. காக்கா பேசி முடிக்கட்டும். இன்னும் முயலுக்கு நன்றி சொல்லலை."

"எனக்குக் கொஞ்சம் சிரமமா இருக்கு சார்."

"அப்போ மாற்று ஏரிக்குப் போங்களேன்."

"அதுல தண்ணி இல்லையே."

"தண்ணிக்கு வேற ஆபீஸ். நான் பாதைக்கு மட்டும்தான்."

இரண்டாம் அடுக்கில் இருந்த நத்தைகுத்தி நாரை மேலே பார்த்துச் சிரித்தது. "ஏன்க்கா, மீனைக் கீழே போட்டா உடம்பு லேசாகுமே. என் வாய் எப்பவும் திறந்துதான் இருக்கு."

"போடா. ரெண்டு நாளா என் பிள்ளைங்க பட்டினி."

ஒரு வழி இருந்தது. 'அவசரம்' என்று மேலே இருக்கும் பறவை சொல்லிவிட்டால், கழுகானாலும் பாதையை விட்டு நகர வேண்டும். நல்ல விதிதான். ஆனால் சொன்ன பறவை பிறகு விசாரணைக்கு வர வேண்டும். போன மாதம் ஒரு முக்குளிப்பான் அப்படிச் சொல்லி இறங்கியது. இறங்கிய பிறகும் அதற்கு மூச்சு இருந்தது. மூச்சு இருக்கும்போது அவசரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, அந்தப் பருவம் முழுக்க அதை ஏரிப் பக்கம் விடவில்லை.

கூட்டிலிருந்து தணிகாசலம் கத்தினான். "அடியே, அவசரம்னு சொல்லித் தொலையேன்!"

ஓணான் திரும்பியது. "கீழே இருக்கறவங்க சொன்னா செல்லாது."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அம்சவேணி கணவனிடம். "பெரியவங்க கிளம்பற நேரத்துல என்னத்தைச் சொல்றது? அப்புறம் நம்மளை ஏரிப் பக்கமே விட மாட்டாங்க. இன்னும் ரெண்டு சுத்து தாங்கும்."

"உன் இறக்கை நடுங்குது. இங்கிருந்தே தெரியுது."

"ஊருக்கே கேக்கற மாதிரி கத்தாதீங்க. சார், சிரமம்தான். பரவாயில்லை."

ஓணான் ஏட்டில் 'பரவாயில்லை' என்று எழுதிக்கொண்டது.

முயலுக்கு நன்றி சொன்னார்கள். பிறகு மாலை கட்டிய அணிலுக்குச் சொன்னார்கள். கழுகு கிளம்பியது. அதற்குத் துணையாக வந்த பதினாறு பருந்துகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. முதல் அடுக்கில் இருந்த தாரா இறங்கியது. நாரை முதல் அடுக்குக்கு வந்தது.

"மூணாம் நம்பர், இப்ப ரெண்டாம் அடுக்குக்கு வாங்க," என்றது ஓணான்.

அம்சவேணி இரண்டாம் அடுக்குக்கு வந்தாள். நிற்காமல் முதல் அடுக்குக்கும் வந்தாள். நாரையைத் தாண்டி, பாதையின் நடுவில் தலைகீழாக விழுந்தாள்.

ஓணான் எழுதியது: 'மூன்றாம் எண், முறை தவறி, அனுமதியின்றி இறங்கியது.'

விசாரணை மூன்று நாள் நடந்தது. "சிரமம்னு ரெண்டு தடவை சொன்னாளே," என்றான் தணிகாசலம்.

"சிரமம் எங்க பட்டியல்ல இல்லை," என்றது ஓணான், தலையாட்டிக்கொண்டே.

அனுமதியின்றி இறங்கியதால் கூட்டைப் பறிப்பது என்று முடிவானது. அப்போது நாரை எழுந்து, விழும்போதே அவளுக்கு உயிர் இல்லை, பக்கத்திலிருந்து பார்த்தேன் என்று சாட்சி சொன்னது. விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். உயிர் இல்லாதது பறவை ஆகாது, சரக்கு. மேலிருந்து விழும் சரக்குக்கு அனுமதி தேவையில்லை. கூடு தப்பியது. எல்லோரும் ஓணானின் நேர்மையைப் பாராட்டினார்கள்.

இப்போது இரை தேடித் தணிகாசலம்தான் போகிறான். திரும்பி வந்து, கிடைத்த அடுக்கில் வட்டமடிக்கிறான். அவன் இறங்கும்வரை கூட்டில் குஞ்சுகள் இரண்டும் தனியாக இருக்கின்றன.

நீதி: அவசரம் என்று சொல்லி உயிரோடு இறங்குகிறவர் குற்றவாளி, சொல்லாமல் செத்து இறங்குகிறவருக்கு வரிசை கிடையாது.