கட்டணமில்லாத மெஷினைத் தேடி மூன்று நாள்

வாசலூர்பட்டி,
கொல்லிமலை.
11.08.2025

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் பிரேம் அவர்களுக்கு,

மலை மேலிருந்து உங்கள் அக்காள் கணவன் பிலிப் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் உங்கள் அக்கா ஜெசிந்தாவும் சுகம். அங்கே நீங்களும் மெர்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் சேர்த்துக்கொள்கிறோம். இங்கே பலா முடிந்தது, மிளகு பூ விட்டிருக்கிறது, வல்வில் ஓரி விழாவுக்கு மலை ஏறிய கூட்டமெல்லாம் இறங்கிவிட்டது. சுகம் விசாரித்தாயிற்று. இனி சண்டைக்கு வருகிறேன்.

பினாங்குப் பயணத்துக்குக் கிளம்பிய அன்று காளப்பநாயக்கன்பட்டி பஸ் நிறுத்தத்தில் எங்களை வழியனுப்ப வந்து, வங்கிக் காசாளர் என்ற முறையில் ஒரு தாளில் விதிமுறைகள் எழுதி என் சட்டைப்பையில் செருகினீர்களே, இந்தக் கடிதம் அந்தத் தாளைப் பற்றியது. பயணத்தின் காரணம் உங்களுக்குத் தெரியும். போன வருஷம் நாற்பத்தேழாவது கொண்டை ஊசி வளைவில் பைக்கோடு சறுக்கி விழுந்து முட்டியில் பிளேட் வைத்தபோது, இனி ஆயுசுக்கும் கைத்தடிதான் என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். உங்கள் அக்கா உடனே நேர்ச்சை வைத்துவிட்டாள். வேளாங்கண்ணி இருக்கிறதே என்றேன். "காச்சலுக்கு நேந்துக்கற எடம் வேறங்க, காலுக்கு நேந்துக்கற எடம் வேற" என்று சொல்லி, பினாங்குக்கு அக்கரையில் இருக்கும், மாதாவின் தாயார் அன்னம்மாள் கோயிலில் என் கால் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக முடிவு செய்துவிட்டாள். இடுப்பிலிருந்து குதிகால் வரை சிவப்பு நூல் போட்டு அளந்து, அந்த நூலைச் சுருட்டித் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்ததும், நேர்ச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று டிக்கெட்டும் போட்டாயிற்று. போகும் அவசரத்தில் கைத்தடி வீட்டிலேயே தங்கிவிட்டது.

விதிகள் எனக்கு இப்போது மனப்பாடம். ஒன்று, ரூபாயைக் கொண்டுபோய் மாற்றாதீர்கள், மாற்றுகிறவன் நஷ்டம் வைப்பான். இரண்டு, அந்த ஊர் ஏ.டி.எம்.மில் எடுங்கள், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் கட்டணம் விழும். மூன்று, சில மெஷின்கள் தங்கள் பங்குக்கும் கட்டணம் கேட்கும், கேட்காத மெஷினைத் தேடுங்கள். நான்கு, 'ரூபாயிலேயே கணக்குப் பார்க்கட்டுமா' என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்தக் கணக்கில் கூடுதலாகப் பிடிப்பான். ஐந்து, ரோமிங் செலவு வரும், நம் ஊர் சிம்மைக் கொண்டுபோகாதீர்கள். இந்த ஐந்தையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, கையில் சல்லிக்காசு இல்லாமல் நான் விமானம் ஏறினேன். கோயில் ஊரிலேயே எடுத்த விடுதிக்கும் விமான நிலைய வேனுக்கும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் முன்கூட்டியே கட்டியாயிற்று. மெழுகுவர்த்திக்கு மட்டும்தான் காசு வேண்டும். கோயில் கடையில் கார்டு செல்லாது, நோட்டுதான் என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். நான்காம் நாள் விடிந்தால் விமானம். அதற்குள் உங்கள் அக்காவின் வார்த்தை நிறைவேறியாக வேண்டும்.

முதல் நாள் முதல் மெஷினில் கார்டைப் போட்டேன். இவ்வளவு கட்டணம், சம்மதமா என்று கேட்டது. சம்மதமில்லை என்று அமுக்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்தேன். இரண்டாவது மெஷினும் அதையே கேட்டது, மூன்றாவதும் அதையே. மாப்ளே, வேண்டாம் வேண்டாம் என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. ஏதோ சம்பந்தம் பேச வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது போல அன்றைக்கு மட்டும் ஒன்பது மெஷினைத் திருப்பி அனுப்பினேன். உங்கள் அக்கா கைப்பையை அணைத்துக்கொண்டு பத்தடி பின்னால் வந்துகொண்டே இருந்தாள். டீக்கடை வைத்திருந்த அருணாசலம் என்ற தமிழர் எங்களை மூன்று தடவை பார்த்துவிட்டு, "என்ன அங்கிள் தேடுறீங்க?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "அந்தக் கட்டணத்துக்கு ரெண்டு பேரு டீயும் ரொட்டியும் சாப்பிடலாம். அதுக்காகவா இந்த வெயில்ல நடக்குறீங்க?" என்றார். கொள்கை என்று ஒன்று இருக்கிறதே என்றேன். கொள்கைக்காரருக்குக் காசு வேண்டாம் என்று அவரே இரண்டு டீ கொடுத்து, கட்டணம் கேட்காத மெஷின் ஊரின் அந்தக் கோடியில், ஆற்றுப் பாலம் தாண்டி இருப்பதாக வழியும் சொன்னார்.

இரண்டாம் நாள் பாலம் தாண்டினோம். பஸ்ஸுக்குச் சில்லறை இல்லை, ஆகையால் நடராஜா சர்வீஸ். அருணாசலம் சொன்னது சத்தியம், அந்த மெஷின் கட்டணமே கேட்கவில்லை. ஆனால் பணமும் தரவில்லை! கார்டை வெளிநாட்டுக்குத் திறந்துவிடவில்லை என்று சொல்லிக் கார்டைத் துப்பிவிட்டது. அங்கேயே நின்று உங்கள் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன், பின்பக்கத்தில் ஆறாவது விதி இருக்கிறது: 'கிளம்பும் முன் கார்டில் வெளிநாட்டு வசதியைத் திறந்துவிடவும்.' மாப்ளே, நான் வேளாண்மை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷமாகக் கோப்பு பார்க்கிறேன். பின்பக்கம் எழுதினால் முன்பக்கத்தின் கீழே 'பின்பக்கம் பார்க்க' என்று போட வேண்டாமா? போடாத பின்பக்கத்தை அரசாங்கத்தில் எவனும் திருப்பிப் பார்த்ததில்லை.

சரி, விடுதிக்குத் திரும்பி இன்டர்நெட்டில் திறக்கலாம் என்றால், ஓ.டி.பி. நம் ஊர் சிம்முக்குத்தான் வரும். அந்த சிம் உங்கள் ஐந்தாம் விதிப்படி, எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருப்பவரும் அன்று பஸ் நிறுத்தம் வரை எங்கள் பெட்டியைத் தூக்கி வந்தவருமான மிளகுத் தோட்டக்காரர் ராசப்பனின் பழைய பட்டன் போனில் இருக்கிறது. ராசப்பன் வீட்டில் சிக்னல் கிடையாது, தோட்டத்துக்கு மேலே ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் வரும். பாவம், எனக்காக அந்த மனுஷர் மழையில் பாறை ஏறி, ஒரு கையில் பட்டன் போனும் மறு கையில் தன் வாட்ஸ்அப் போனுமாக நின்றார். ஓ.டி.பி.க்கு ஆயுள் மூன்று நிமிஷம்.

"ஏனுங்க சார், சாப்டீங்ளா?"

"சாப்பிட்டேன் ராசப்பன், நம்பரைச் சொல்லுங்க."

"அம்மிணி சாப்டாங்ளா? அங்க மழைங்ளா? இங்க நேத்துப் பூராம் ஊத்து ஊத்துனு ஊத்திப்போட்டுதுங்க, ரெண்டு கொடி சாஞ்சுபோச்சுங்க..."

"நம்பரு! நம்பரு!"

"சொல்றனுங்க. கடல் தாண்டிப் போயிருக்கீங்க, ஒரு வார்த்தை கேக்காம எடுத்ததும் நம்பரச் சொன்னா மரியாதைங்ளா? கால் எப்படி இருக்குதுங்க?"

நம்பர் வந்தபோது அதற்கு ஆயுள் முடிந்திருந்தது. இரண்டாம் தடவை அந்த ஊரில் ரேஷன் அரிசி எப்படி என்று விசாரித்தார். மூன்றாம் தடவை, கடன் வேண்டுமா என்று கேட்டு வந்திருந்த வேறு ஒரு குறுஞ்செய்தியில் இருந்த நம்பரை நிறுத்தி நிதானமாக வாசித்தார். தப்பு நம்பரைப் போட்டதும் வங்கி கதவைச் சாத்திவிட்டு நாளைக்கு வா என்றது. உங்கள் அக்கா கட்டிலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கோ அழுகை வராத குறை. அவள் எனக்காக வைத்த நேர்ச்சை என் கஞ்சத்தனத்தால் நின்றுபோகுமோ என்று அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் ராசப்பன் மூச்சுக்கூட விடாமல் ஆறு எண்ணையும் சொல்லிவிட்டார். கார்டு திறந்துகொண்டது. அடுத்த நிமிஷமே, "மன்னிச்சுக்கோணுங்க சார், சாப்டீங்ளானு கேக்காமச் சொல்லிப்போட்டனுங்க, மனசே ஆறலீங்க" என்றார். மறுபடியும் பாலம் தாண்டினேன். பின்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள். நம் மலையில் மெஷினில் பணம் நிரப்பினால் ஊரே ஓடும், கரண்டு போவதற்குள் கேட்டதற்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்று அமுக்கி எடுக்க வேண்டும், யோசித்து நின்றவனுக்குப் பணம் கிடைத்ததாகச் சரித்திரமே இல்லை. மலைக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து பதினோரு வருஷப் பழக்கம். பரதேசத்து மெஷினில் திடீரென்று நம் ரூபாய்க் குறியைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்தது போல இருந்தது, ஆமாம் என்று அமுக்கிவிட்டேன். நோட்டு கைக்கு வந்த பிறகுதான் நான்காம் விதி ஞாபகம் வந்தது. ஒன்பது மெஷினில் மிச்சம் பிடித்ததெல்லாம் பத்தாவது மெஷினில் வட்டியோடு போயிற்று. மெழுகுவர்த்தியை நூலில் அளந்து வாங்கி, சாயந்திரம் கோயில் சாத்துவதற்கு முன் ஏற்றிவிட்டோம், அது ஒன்றுதான் ஆறுதல்.

ஆகவே மாப்ளே, இனி யாருக்கும் தாள் எழுதிக் கொடுக்காதீர்கள். வெளிநாடு என்ற பேச்சை என் காதில் போடாதீர்கள். கார்டைத் தகர டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டேன். கோபத்தில் எழுதினாலும் உங்கள் மேல் பாசம் குறையவில்லை. மெர்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு நெற்றியில் ஒரு சிலுவை. அன்னம்மாள் உங்கள் வீட்டையும் கையெழுத்தையும் காப்பாளாக.

இப்படிக்கு,
அன்புள்ள மச்சான்
பிலிப்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைப் போட உறை தேடி உங்கள் அக்காவின் கைப்பையைத் திறந்தேன். உள்ளே ஏற்கெனவே ஒரு உறை இருந்தது. உங்கள் கையெழுத்து. 'அக்கா, மச்சான் மெஷினோடு சண்டைக்கு நின்றால் இதை எடுத்துக்கொள்.' உறைக்குள் மலேசிய நோட்டுகள், ஒன்றுகூடக் கலையவில்லை. உறைக்குக் கீழே, நான் வீட்டில் மறந்துவிட்டதாக நினைத்த என் மடக்குக் கைத்தடி. இதென்ன என்று கத்தினேன். அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "மொத நாளே குடுத்திருந்தா ரூமுல காலை நீட்டிட்டு ஒக்காந்திருப்பீங்க. நீங்க முன்னால கோவத்துல நடந்தீங்க, நான் பின்னால பாத்துட்டே வந்தனுங்க. எப்ப நொண்டுனாலும் தடிய எடுத்துக் குடுக்கலாம்னுதான் பையக் கையிலயே வெச்சிருந்தேன். மூணு நாளும் எடுக்கவே வேண்டியதில்லீங்க. மெழுகுவத்திய நான் அதுக்கு நன்றி சொல்லித்தான் ஏத்துனேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆகவே மேலே எழுதியிருப்பது மொத்தமும் ரத்து. அடுத்து கொழும்பு என்கிறாள். இன்னொரு தாள் எழுதி அனுப்புங்கள், பின்பக்கத்திலும் எழுதுங்கள். அங்கே கட்டணம் கேட்காத மெஷின் எங்கே இருக்கிறது என்று விசாரித்துச் சொல்லுங்கள். கொஞ்சம் தூரமாக இருந்தால் நல்லது.