டேலியா ராஜ்ஜியம்

அந்த வருடம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எங்கள் பூந்தோட்டத்தை இனி நான்தான் ஆள வேண்டும்.

அதுவரை ஆண்டவள் என் மனைவி. நான் கடிகாரம் பழுது பார்ப்பவன். எனக்கு எல்லாம் வரிசையாக, அளவாக இருக்க வேண்டும். அவளோ ரோஜாவுக்குப் பக்கத்தில் செவ்வந்தியை நடுவாள். செவ்வந்தியின் காலடியில் எதையோ தூவுவாள். எல்லாம் பூத்தும் தொலைக்கும். இன்று இதை மறுத்துப் பேச அவள் இல்லை. அதனாலேயே பொய் சொல்ல மனம் வரவில்லை.

“எந்தச் செடி எங்க இருக்கணும்னு நான் சொல்றேன். நீ தண்ணி மட்டும் ஊத்து.”

“தண்ணி மட்டுமா? தெருக்கோடி பம்புல அடிச்சு, குடம் குடமாத் தூக்கி, என் இடுப்பே போச்சு. ஒரு நாளாவது நீங்க ஊத்தக் கூடாதா?”

“திட்டம் போடுறவன் குடம் தூக்கலாமா?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “சரி, ஒரு பந்தயம் வெச்சுக்கலாங்க” என்றாள்.

ஒரே மாதிரி மண்தொட்டியில் ஆளுக்கு நான்கு டேலியா. கிழக்குச் சுவரோரம் எனக்கு, மேற்குச் சுவரோரம் அவளுக்கு. முதல் பூ யார் பக்கமோ, தோட்டம் முழுக்க அவருக்கு. தோற்றவர் அதன்பின் ஓர் இலையைக்கூடத் தொடக் கூடாது. நடுவர், எதிர்வீட்டு ஸ்டேஷன் மாஸ்டர். ஓய்வு பெற்ற பிறகும் பச்சைக் கொடியைப் பிரிய முடியாதவர். தினமும் காலையில் நிலவரம் கேட்க வந்துவிடுவார்.

“தம்பி, உங்க வண்டி எங்க வந்துட்டிருக்கு?”

“நாலு இலை விட்டிருக்கு சார்.”

“போன வாரமும் நாலுதானே?”

“அதே நாலுதான். இப்ப இன்னும் உறுதியா நிக்குது.”

“தங்கச்சி வண்டி?”

“மொட்டு வந்தாச்சுண்ணே” என்றாள் அவள்.

என்னிடம் உழைப்புக்குக் குறைவில்லை. தினமும் மண்ணைக் கிளறி, வேர் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்த்தேன். திறந்து பார்க்காமல் கடிகாரம் ஓடுகிறதா என்று எப்படித் தெரியும்?

“முள்ளைப் பார்த்தாத் தெரியாதா?” என்றாள்.

தொழில் தெரியாதவளிடம் வாதாடுவதில்லை.

அவளுடைய மொட்டுகள் உப்பத் தொடங்கியபோது என் மூளை வேகமாக ஓடியது. அதற்குத் தோதாக ஒரு நாள் மதியம், “அக்காவைப் பார்த்துட்டு வரேங்க. வர சாயங்காலம் ஆகும்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். “பொழுது சாயறதுக்குள்ள வர மாட்டேன்” என்று வாசலிலிருந்து இன்னொரு முறையும் சொன்னாள்.

அவள் தெரு திரும்பியதும் வேட்டியை மடித்துக் கட்டினேன். கிழக்கு மேற்காக வேண்டும், மேற்கு கிழக்காக வேண்டும். காலையில்தான் தண்ணீர் ஊற்றிய என் தொட்டிகள் அம்மிக்கல்லாகக் கனத்தன. எடையிலாவது என் செடிதான் உசத்தி. அவளுடைய தொட்டிகளோ பஞ்சு! ஒரு கையாலேயே தூக்கினேன். என் புஜபலத்தை நான் அறிந்துகொண்டது அன்றுதான்.

மறுநாள் ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

“நேத்துவரைக்கும் பாசஞ்சர், இன்னிக்கு எப்படித் தம்பி எக்ஸ்பிரஸ் ஆச்சு?”

“உரம் சார், உரம்.”

“என் செடிதான் பாவம், ஒரே நாள்ல இளைச்சுப்போச்சுண்ணே” என்றாள் அவள். “யார் கண்ணு பட்டுச்சோ!”

அப்பாவி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே என் பக்கம் பூத்தது. சோற்றுத் தட்டு அகலத்துக்குச் சிவப்பு டேலியா. ஸ்டேஷன் மாஸ்டர் விசில் ஊதிப் பச்சைக் கொடியை ஆட்டினார். தெருவே எட்டிப் பார்த்தது. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

“தோத்துட்டேங்க” என்றாள் அவள், தலையைக் குனிந்து. “வார்த்தைன்னா வார்த்தை. இனிமே தோட்டம் உங்களுது. நான் ஒரு இலையைத் தொட மாட்டேன்.”

பூவாளியை இரண்டு கைகளாலும் நீட்டினாள். செங்கோலை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்தது. வெயில் காலமும் கூடவே விடிந்தது. தெருக்கோடி பம்புக்கும் தோட்டத்துக்கும் நடையாய் நடந்தேன். அவள் பிரம்பு நாற்காலியைத் தோட்டத்தைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு, காலை நீட்டிக் காபி குடித்தாள்.

“ஏங்க, அந்த மூலைச் செடியை விட்டுட்டீங்க.”

“தோட்டத்துல நீ தலையிடக் கூடாது!”

“தலையிட்டேனா? பார்த்துட்டுத்தானே இருக்கேன். ரோஜாவுக்கு இன்னொரு குடம் வேணும் போலிருக்கே.”

திட்டம் போட நேரமே இல்லை. நான் நினைத்த வரிசைகள் நினைப்பிலேயே நின்றன.

ஒரு நாள், தண்ணீர் ஊற்றிய டேலியாத் தொட்டியை நிழலுக்கு நகர்த்தப் பார்த்தேன். இம்மியும் அசையவில்லை. மூச்சு வாங்கியது.

“இந்தத் தொட்டியையா அன்னிக்கு ஒரே கையால…” என்று முணுமுணுத்துவிட்டு, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கடைசி மடக்கு காபியை நிதானமாகக் குடித்தாள்.

“நீங்க தூக்கறதுக்கு லேசா இருக்கட்டும்னுதாங்க, அக்கா வீட்டுக்குப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியிருந்தே நான் தண்ணி ஊத்தலை.”