ரிஜெக்ட் அண்ணன் பாஸ் செய்த லென்ஸ்

ரிஜெக்ட் அண்ணனிடம் முதல் தடவையே பாஸ் ஆன பொருள் உலகத்தில் கிடையாது. டீக்கடை வடையையே வெளிச்சத்தில் பிடித்து, "ஓட்டை நடுவுல இல்லீங்களே" என்று திருப்பிக் கொடுப்பவர் அவர்.

எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய நான், அவர் செக்கிங் பார்த்த திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை கேட்டு நின்றேன். தைத்து வந்த பனியனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எடது தோள் எறங்கியிருக்குது கண்ணு. ரிஜெக்ட்."

மூட்டை தூக்கிய தோள் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் செக்கிங் டேபிளில் தன் பக்கத்திலேயே இடம் போட்டுக் கொடுத்தார்.

போன வருஷம் அவர் பார்த்து அனுப்பிய கறுப்பு பனியன்கள் ஓட்டையோடு திரும்பி வந்தன. இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்குப் பிறகும் ஓட்டை தெரியாவிட்டால் டேபிளை விட்டு எழுந்துவிட வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். நான்தான் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

"எந்த லென்ஸ் வைக்கலாமுங்க?" என்றார் டாக்டரம்மா.

"சாம்பிள் காட்டுங்க. அப்ரூவல் குடுத்தாத்தான் பல்க்."

திருப்பூரில் சாம்பிள் பாஸாகாமல் யாரும் மொத்தமாகத் தைக்க மாட்டார்கள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் திருப்பினார். ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் வெளிச்சம் எப்படிப் போகும் என்று கணக்குப் போட்டு, உலகம் எப்படித் தெரியும் என்பதைப் படமாகக் காட்டியது அது. முதல் லென்ஸில் கிட்டத்திலும் தூரத்திலும் தெரிந்தது. ஆனால் தெருவிளக்கைச் சுற்றி வளையம்.

"ஏனுங்க, இது ஆயில் கறையாட்ட இருக்குது? ரிஜெக்ட்."

பையிலிருந்து ஓட்டை விழுந்த கறுப்புத் துணியை எடுத்து நீட்டினார். "இத உள்ள போட்டுக் காட்டுங்க."

அதையும் போட்டோ எடுத்து ஏற்றினார் டாக்டரம்மா. முதல் லென்ஸில் கறுப்பு வெளிறியது. கை நீட்டும் தூரத்துக்கான லென்ஸில் ஓட்டை பளிச்சென்று தெரிந்தது.

"தூரத்துக்குக் கண்ணாடி போடணுமுங்க. இந்தப் படமும் வெறும் கணக்குத்தான். உங்க மூளை எப்படிப் பழகும்னு கம்ப்யூட்டர் சொல்லாது."

"ஓட்டை தெரியுதில்லீங்க? பாஸ்!"

அவர் வாயில் அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஒரு கண் சாம்பிள். அது ஒத்துப்போனதும் மறு கண் பல்க். வேலைக்குத் திரும்பி வந்த அன்றே கறுப்பு பனியன் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "ரிஜெக்ட்!" என்று கத்தினார். செக்கிங் பெண்கள் கை தட்டினார்கள்.

தூரக் கண்ணாடி மட்டும் போடவே மாட்டேன் என்கிறார். "அது சாம்பிள்ல இல்லீங்க." அதனால் ஜவுளிக்கடை பொம்மைகளுக்கெல்லாம் வணக்கம் வைக்கிறார், முதலாளி எதிரே வந்தால் கண்டுகொள்வதில்லை.

நான் இப்போது அந்த வேலையை விட்டு வேறு வேறு ஊர்களில் இருக்கிறேன். பஸ் திருப்பூர் வழியாகப் போனால் இறங்கி, அவர் கைக்கெட்டும் தூரத்தில் போய் நிற்பேன்.

"தோள் இன்னும் எறங்கித்தான் இருக்குது கண்ணு."

அதைக் கேட்கத்தான் இறங்குகிறேன்.